இந்த இசையை வாசித்தது யார்?

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, முன் வரிசையில் இருக்கும் என் வயதுக்காரர்களே, பின் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைய நண்பர்களே!

செயலாளர் சார் என்னை அழைத்தபோது, "மேடம், போன தடவை மாதிரி நாமினேஷன், லாக்கர், 15 எச் படிவம் பத்திப் பேசிடுங்க" என்றார். பேங்கில் 30 வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் நாமினேஷன் பற்றி மூன்று முறை பேசியாகிவிட்டது. இன்னும் நாமினேஷன் போடாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பார்க்கவும். இன்று ஒரு மாறுதலுக்கு ஒரு கச்சேரியைப் பற்றிப் பேசப்போகிறேன். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

கச்சேரி என்றதும் மார்கழி சபா என்று நினைக்க வேண்டாம். இது லண்டனில் நடந்த கச்சேரி. அதிலும் ஒரு டி.வி. தொடரின் இசைக்காக நடந்த கச்சேரி. என் மகள் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் தலைநகரான கார்டிஃபில் வேலை பார்க்கிறாள். 2024 கோடையில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே சில மாதங்கள் இருந்தோம். பேரன் அந்தத் தொடர் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. 'டாக்டர் யார்?' என்று நம் பாஷையில் சொல்லலாம். ஆஸ்பத்திரிக் கதை என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன்.

கதை இதுதான். டாக்டர் என்று ஒருவர். வேற்றுக் கிரகத்துக்காரர். அவரிடம் ஒரு வண்டி இருக்கிறது, பெயர் டார்டிஸ். பார்ப்பதற்கு ரோட்டோரத்தில் நிற்கும் நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே போனால் கல்யாண மண்டபம் மாதிரி விசாலம். அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போகலாம். டாக்டர் சாகும் நிலை வந்தால் உடம்பு மாறி வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். அதனால் நடிகர் மாறினாலும் தொடர் நிற்பதில்லை. எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு பாருங்கள்! 1963 நவம்பர் 23-ஆம் தேதி பி.பி.சி.யில் முதல் பகுதி வந்தது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். ஊர் முழுக்க அந்தத் துக்கத்தில் இருந்ததால் முதல் பகுதியை அடுத்த வாரம் இன்னொரு முறை போட்டார்கள். அந்த முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், நம் லக்னோவில் பிறந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண், அப்போது அவருக்கு வயது 27.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன். லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் சுமார் எட்டு வாரம் 'பிராம்ஸ்' என்று ஓர் இசை விழா நடக்கிறது. 1895-இல் ஆரம்பித்தது. இன்றும் நடக்கிறது. நின்றுகொண்டே கேட்பவர்களுக்கு மலிவான டிக்கெட் கொடுத்து, பெரிய இசையைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1927 முதல் பி.பி.சி. அதை ஏற்று நடத்துகிறது. முதலில் குவீன்ஸ் ஹால் என்ற அரங்கில் நடந்தது. 1941-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் அழிந்தபோது, ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறினார்கள். வட்ட வடிவமான பெரிய அரங்கம். ஐயாயிரம் பேர் உட்காரலாம். இன்றைக்கும் மேடைக்கு நேர் எதிரே, நாம் வி.ஐ.பி. சோபா போடும் இடத்தில், மலிவு டிக்கெட்காரர்கள்தான் நிற்கிறார்கள். நம் ஊர்க் கச்சேரிகளில் அந்த இடம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் அங்கே இருந்தபோது, 2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, அந்த விழாவில் 'டாக்டர் ஹூ' கச்சேரி நடந்தது. அன்றைக்கு பிரிட்டனில் பேங்க் ஹாலிடே. அங்கே பொது விடுமுறைக்கே பெயர் பேங்க் ஹாலிடே என்பது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்த விடுமுறைச் சட்டம் வந்தது 1871-இல். ஆல்பர்ட் ஹால் திறந்ததும் அதே 1871-இல். டிக்கெட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பதிவைத்தான் பார்த்தோம். பேரன் விடவில்லை, பழைய கச்சேரிகளையும் தேடி எடுத்துக் காட்டினான்.

இந்த வரிசையில் முதல் கச்சேரி நடந்தது கார்டிஃபில், 2006 நவம்பர் 19-ஆம் தேதி. 'வேல்ஸ் மில்லேனியம் சென்டர்' என்ற அரங்கில், குழந்தைகள் நலனுக்கான நிதிக்காக நடந்தது. அப்போது டாக்டராக நடித்துக்கொண்டிருந்த டேவிட் டென்னன்ட்தான் தொகுத்து வழங்கினார். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 2008 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை காலை பிராம்ஸ் விழாவிலேயே இடம் கொடுத்தார்கள். பிறகு 2010, 2013, 2024 என்று தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலும் சிட்னி ஓபரா ஹவுஸிலும்கூட இந்த இசை மேடை ஏறியிருக்கிறது.

2008 கச்சேரியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஆர்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண வரவேற்பில் வரும் மெல்லிசைக் குழு நம் கண்முன் வரும். இது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. வயலின் மட்டுமே இருபது முப்பது பேர். அப்புறம் வியோலா, செல்லோ, புல்லாங்குழல், ஊதுகொம்பு, டிரம்பெட், பெரிய பெரிய முரசுகள், பின்னால் பாடகர் குழு. முன்னே ஒருவர் குச்சியோடு நிற்பார். அவருக்குப் பெயர் கண்டக்டர். டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் மாதிரியேதான், அவர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. அன்று வாசித்தது பி.பி.சி. பில்ஹார்மோனிக். கண்டக்டர்களில் ஒருவர் பென் ஃபாஸ்டர், இந்தத் தொடரின் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிக்கொடுத்தவரும் அவரே.

மேலே பெரிய திரையில் தொடரின் காட்சிகள் ஓடுகின்றன. கீழே அந்தக் காட்சிக்கான இசையை நேரில் வாசிக்கிறார்கள். நடுவில் தொடரில் வரும் அரக்கர்கள் அந்தந்த வேஷத்தில் அரங்குக்குள் நடந்து வருகிறார்கள். குழந்தைகள் பயந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்கள், விரல் இடுக்கு வழியாகப் பார்க்கவும் பார்க்கிறார்கள். கூத்தில் இரணியன் வரும்போது நாம் செய்தது மாதிரியேதான்.

அன்றைக்கென்றே ஒரு குட்டிப் படம் எடுத்திருந்தார்கள். திரையில் டாக்டர் தன் வண்டிக்குள் உட்கார்ந்து இசை எழுதிக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஆல்பர்ட் ஹாலுக்கும் அவர் வண்டிக்கும் நடுவே ஒரு வழி திறந்துகொள்கிறது. அவர் எழுதிய காகிதங்களை அதன் வழியாக வீசுகிறார். ஹாலில் இருக்கும் வாத்தியக்காரர்கள் மேல் நிஜமாகவே காகிதங்கள் வந்து விழுகின்றன. அவர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். கதையில் வரும் டாக்டர் இவர்களிடம் வாசிக்கச் சொல்கிறார், இவர்கள் வாசிக்கிறார்கள். அந்த இடத்தில் பேரன் கைதட்டினான். நானும் தட்டினேன்.

இதற்கு நடுவில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஹோல்ஸ்ட் எழுதிய 'கிரகங்கள்' தொகுப்பிலிருந்து வியாழன், வாக்னரின் ஓர் உருப்படி, புரோகோஃபியேவின் 'ரோமியோ ஜூலியட்' நடன இசையில் ஒரு பகுதி, காப்லாண்டின் ஒரு முழக்கம் இவற்றையும் நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டார்கள். டி.வி. இசைக்கெல்லாம் பிராம்ஸ் மேடையா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அரக்கனைப் பார்க்க வந்த எட்டு வயதுப் பிள்ளை போகிற போக்கில் வாக்னரையும் கேட்டுவிட்டுப் போகிறது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் தெரிந்த வித்தைதானே!

எல்லாம் பார்த்து முடித்ததும் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "பாட்டி, இத்தனை பேர் எதுக்கு? ஒரு கம்ப்யூட்டர் இருந்தா போதுமே? எங்க ஸ்கூல்ல ஒரு அண்ணன் லேப்டாப்லயே எல்லா வாத்தியமும் போடறான்."

இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் ஆளுயர லெட்ஜர்கள். ஒவ்வொரு வவுச்சரும் கையால் போஸ்ட் செய்ய வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. பிறகு கம்ப்யூட்டர். பிறகு எல்லாக் கிளையும் ஒரே வலையில். நாற்பது பேர் இருந்த இடத்தில் பத்துப் பேர். "இத்தனை பேர் எதுக்கு?" என்ற கேள்வியை நான் சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்கு அது வசதிதான், நான் குறை சொல்லவில்லை. பேங்கின் கதை மனிதரில் ஆரம்பித்து மெஷினுக்குப் போனது. ஆனால் இந்த டி.வி. தொடரின் இசைக் கதை தலைகீழ். அது மெஷினில் ஆரம்பித்து மனிதருக்குப் போயிருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

1963-இல் தொடருக்கு ஒரு டைட்டில் இசை வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் அதை ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மெட்டும், கீழ் ஸ்தாயியில் ஓடும் இசையும், 'இங்கே காற்று மாதிரி, இங்கே மேகம் மாதிரி' என்கிற வகையில் சில குறிப்புகளும்தான் அதில் இருந்தன. தாள் போன இடம் லண்டனில் மெய்டா வேல் என்ற பகுதியில் இருந்த பி.பி.சி. ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப். 1958-இல் ஆரம்பித்த இடம். வானொலி நாடகங்களுக்கு விசித்திரமான சத்தங்கள் செய்து கொடுப்பது அவர்கள் வேலை. டார்டிஸ் வண்டி கிளம்பும் சத்தம்கூட அங்கே பிறந்ததுதான். பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு பழைய பியானோவின் தடித்த கம்பிகள்மேல் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்துப் பதிவு செய்தார். அறுபது வருஷமாக அந்த விண்வெளி வண்டி ஓடுவது ஒரு வாசல் சாவியால்!

அந்த ஒற்றைத் தாளை வாங்கிக்கொண்டவர் டெலியா டெர்பிஷைர் என்ற பெண். அப்போது அவருக்கு வயது 26. கவென்ட்ரி நகரத்தில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோது அந்த ஊர்மேல் குண்டு மழை பொழிந்தது. விமானத் தாக்குதல் சங்கொலியும், ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் ஒலியும்தான் தன் காதில் முதலில் பதிந்த மின்னணு இசை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். படித்து முடித்ததும் டெக்கா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. அப்புறம்தான் பி.பி.சி.

சிந்தசைசர் என்று நாம் சொல்லும் கருவி அப்போது கடைக்கு வரவில்லை. இருந்தது என்னென்ன? கருவிகளைச் சோதிக்க எஞ்சினியர்கள் வைத்திருக்கும் ஆசிலேட்டர், அதாவது 'ஊய்' என்று ஒரே சுதியில் சத்தம் எழுப்பும் பெட்டி. 'உஸ்' என்ற இரைச்சல் சத்தம். ஒற்றைக் கம்பியை மீட்டிய ஒலி. டேப். பிளேடு. ஒட்டும் நாடா. அவ்வளவுதான்.

ஒரு சத்தத்தைப் பதிவு செய்வார்கள். டேப்பை வேகமாக ஓட்டினால் சுதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். அப்படி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் செய்து, வேண்டிய நீளத்துக்கு டேப்பைப் பிளேடால் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்ட வேண்டும். டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றால், அரை வினாடி சுரத்துக்கு ஏழரை அங்குலம். கால் அங்குலம் கூடினாலும் தாளம் தட்டும். இசையை அடிக்குச்சி வைத்து அளந்திருக்கிறார்கள்! கீழ் ஸ்தாயிக்கு ஒரு டேப், மெட்டுக்கு ஒரு டேப், காற்றுச் சத்தத்துக்கு ஒரு டேப். பல தடங்களை ஒன்றாகப் பதியும் கருவி அங்கே இல்லை. அதனால் ரீல் மெஷின்களை வரிசையாக வைத்து, ஒரே நொடியில் எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சேர்த்தார்கள். டெலியாவுக்கு உதவியாக இருந்தவர் டிக் மில்ஸ்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். எல்லாம் ஒட்டி முடித்து ஓடவிட்டால் எங்கேயோ ஒரு சுரம் தப்பு. எந்த டேப்பில், எந்த ஒட்டில் என்று தெரியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் தரையில் விரித்து, ஒட்டுக்கு ஒட்டு ஒப்பிட்டுக்கொண்டே போய், பொருந்தாத ஒட்டைக் கண்டுபிடித்தார்கள்.

பேங்க்காரர்களுக்கு இது புரியும். சாயங்காலம் கணக்கு டேலி ஆகாது. பத்துப் பைசா வித்தியாசம். "பத்துப் பைசாதானே, என் பையிலிருந்து போட்டுடறேன்" என்று சொல்ல முடியாது. அந்தப் பத்துப் பைசாவுக்குப் பின்னால் இரண்டு பெரிய தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கலாம். வவுச்சர் கட்டைப் பிரித்து ஒருவர் படிக்க, இன்னொருவர் டிக் அடிக்க, இரவு ஒன்பது மணி ஆகும். கண்டுபிடித்ததும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்கு இணையே கிடையாது. அந்த மெய்டா வேல் தாழ்வாரத்தில் அவர்களுக்கு வந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்த மெஷின் இசையைச் செய்தது மெஷின் கிடையாது. பிளேடும் அடிக்குச்சியும் பிடித்த கைகள்.

முடிந்த இசையைக் கேட்ட ரான் கிரெய்னர் அசந்துபோய், இதை நானா எழுதினேன் என்று கேட்டாராம். பெரும்பகுதி நீங்கள்தான் என்றாராம் டெலியா. கிரெய்னர் நல்ல மனிதர். தனக்கு வரும் ராயல்டியில் பாதியை டெலியாவுக்குக் கொடுக்க முன்வந்தார். நிறுவன விதி இடம் கொடுக்கவில்லை. டெலியா மாதச் சம்பளக்காரர், வொர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைத் தனியாகப் போடும் வழக்கமும் இல்லை. திரையில் வந்தது ரான் கிரெய்னர் பெயரும், வொர்க்‌ஷாப் பெயரும்.

நான் பி.காம். படித்தவள். முதல் வருஷம் முதல் பாடமே, ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் இருக்க வேண்டும் என்பதுதான். இந்தக் கணக்கில் டெபிட் இருக்கிறது. வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் லட்சக்கணக்கான வீடுகளில் அந்த இசை ஒலித்தது. கிரெடிட் காலத்தில் அவர் பெயர் இல்லை. டெலியா 1973-இல் பி.பி.சி.யை விட்டுப் போனார். எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் ரேடியோ ஆபரேட்டராகக்கூட வேலை பார்த்தார். 2001-இல் காலமானார். அவர் வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. அவை இப்போது மான்செஸ்டரில் பத்திரமாக இருக்கின்றன.

தொடர் 1989-இல் நின்றுபோனது. வொர்க்‌ஷாப்பும் 1998-இல் மூடப்பட்டது. 2005-இல் தொடர் மறுபடி வந்தபோது மரே கோல்ட் என்பவர் இசையமைத்தார். ஆர்கெஸ்ட்ரா வைக்கப் பணம் இல்லை, முதல் வருஷம் கம்ப்யூட்டரில் பதிவு செய்த வாத்திய ஒலிகளை வைத்தே ஒப்பேற்றினார். டைட்டில் இசையில் டெலியா செய்த பழைய ஒலிகளை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். தொடர் வெற்றி பெற்றது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியிலிருந்து நிஜ ஆர்கெஸ்ட்ரா வந்தது. பி.பி.சி. நேஷனல் ஆர்கெஸ்ட்ரா ஆஃப் வேல்ஸ், கார்டிஃப் குழு. 2010, 2013, 2024 கச்சேரிகளில் வாசித்ததும் அவர்கள்தான். கவனியுங்கள், கம்ப்யூட்டர் இருந்தது, வேலையும் நடந்துகொண்டிருந்தது, அப்படியும் கையில் பணம் வந்ததும் அவர்கள் செய்த முதல் செலவுகளில் ஒன்று ஆட்களுக்கு.

ஏன்? இதற்குப் பதில் கச்சேரியைப் பார்த்தால்தான் தெரியும். டி.வி.யில் பார்க்கும்போது பின்னணி இசை பின்னணியில்தான் இருக்கிறது. டாக்டர் ஓடுகிறார், நமக்குப் படபடக்கிறது. படபடக்க வைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. இளையராஜாவின் பின்னணி இசையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற நமக்கே, அதில் வயலின் வாசித்தவர்களின் பெயர் தெரியுமா? கச்சேரியில் அது மாறிவிடுகிறது. நடிகர்கள் மேலே திரையில் போய்விடுகிறார்கள். நடு மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இத்தனை வருஷம் யாரும் முகம் பார்க்காதவர்கள்.

ஒரு சோகக் காட்சி வந்தது. முப்பது வயலின் வில்லும் ஒரே திசையில் மெதுவாக இழுபடுகிறது. ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, என் கிளையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், செல்லோவை அணைத்துக்கொண்டு கண்ணை மூடி வாசிக்கிறார். பின்னால் முரசுக்காரர் ஒருவர். பல நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டே நிற்கிறார், ஒரே ஒரு அடிக்காக. அந்த அடி சரியாக விழுந்ததும் அரங்கம் அதிர்கிறது. பேரனிடம் சொன்னேன். "கண்ணா, அந்தத் தாத்தாவைப் பாரு. லேப்டாப்பும் அதே அடியைப் போடும். ஆனா அது தப்பிடுமோன்னு யாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார மாட்டாங்க." அவன் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "அந்த அண்ணன் லேப்டாப்பும் சில சமயம் தப்பாப் போடும் பாட்டி" என்றான். சரி, இந்தக் காலத்துப் பிள்ளை!

2024 கச்சேரியில் டைட்டில் இசை ஒலித்தபோது நான் பேரனிடம் டெலியாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த மனிதரும் வாத்தியத்தில் வாசிக்காத இசையாகப் பிறந்தது அது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய டேப். ஆசிலேட்டர் ஊளையிட்ட இடத்தை இன்றைக்கு ஒரு மேடை நிறைய மனிதர்கள் மூச்சாலும் கையாலும் நிரப்புகிறார்கள். மலிவு டிக்கெட் வாங்கி நின்றுகொண்டிருப்பவர்கள் கூடவே முணுமுணுக்கிறார்கள்.

கணக்கு டேலி ஆனதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு ஆனது. 2013-இல் தொடரின் 50-ஆம் ஆண்டுச் சிறப்புப் பகுதி வந்தது. அதன் எழுத்தோட்டத்தில், ரான் கிரெய்னர் பெயரோடு டெலியா டெர்பிஷைர் பெயரும் முதல் முறையாகத் திரையில் வந்தது. அதே வருஷம் ஜூலையில் நடந்த பிராம்ஸ் கச்சேரிகளில் பழைய வொர்க்‌ஷாப் காலத்து இசைக்கும் இடம் கொடுத்தார்கள். 2017-இல் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எல்லாம் அவர் போன பிறகு. லெட்ஜரில் ஐம்பது வருஷம் கழித்துப் போட்ட என்ட்ரி. போட்டார்களே என்று சந்தோஷம். அவர் பார்க்கவில்லையே என்கிற வருத்தமும் இருக்கிறது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். நம் ஆண்டு விழா வருகிறது. போன வருஷம் எல்லாப் பாட்டும் பென் டிரைவில். பிள்ளைகள் அழகாக ஆடினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நம் வளாகத்திலேயே வயலின் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கீபோர்டு, மிருதங்கம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் புல்லாங்குழல் ஊதும் சார் ஒருவரும் இருக்கிறார், அவர் யார் என்று கேட்காதீர்கள், அவருக்கே வெட்கம். இந்த வருஷம் ஒரே ஒரு உருப்படியாவது இவர்கள் சேர்ந்து நேரில் வாசிக்கட்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு கார்ட்டூன் இசையாகவே இருக்கட்டும். சுதி கொஞ்சம் விலகும், ஒரு பிள்ளை நடுவில் நிறுத்திவிட்டு அம்மாவைத் தேடும். பரவாயில்லை. ஒத்திகைக்கு இந்த ஹாலைச் சனி, ஞாயிறு திறந்துவிடச் சங்கம் சம்மதித்தால் போதும். வருகைப் பதிவேடு நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு.

இன்னொரு வேண்டுகோள். நிகழ்ச்சி நிரலில் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் எல்லோர் பெயரையும் போட்டுவிடுவோம். மைக் செட் போடுகிற தம்பி, திரை இழுக்கிறவர், மேடைக்கு ஒயர் இழுத்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன், மறுநாள் காலையில் ஐந்து மணிக்கு வந்து ஹாலைக் கூட்டும் அக்காக்கள். 'மற்றும் பலர்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிட வேண்டாம். அவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், அச்சுக்குப் போகும் முன் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். செலவு ஒன்றும் இல்லை. பொருளாளர் சார் தலையசைக்கிறார், நன்றி.

சுண்டல் வந்துவிட்டது. செய்தவர் யார் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.